கூகை கக்கிய நீலம்

மருந்து கலக்கும்போது கைபேசியைத் தொடக் கூடாது என்பது எலிக்காரர் வீட்டில் எழுதாத சட்டம். சட்டம் போட்டவர் எலிக்காரர். அதைத் தினமும் மீறுகிறவள் அவர் மனைவி.

தெருவில் அவளைக் குருணையம்மா என்பார்கள். சாக்குச் சாக்காகக் குருணை அரிசி வாங்கிப் போகிறவள், ஆனால் அந்த வீட்டில் யாரும் கஞ்சி குடித்துப் பார்த்ததில்லை. எல்லாம் எலிகளுக்குத்தான். வீட்டுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த சாய்ப்பு ஒன்று உண்டு. அங்கே அடுப்பை மூட்டி, குருணையை வாசம் வரும்வரை வறுத்து, அகலமான பேசினில் கொட்டி ஆற வைப்பாள். ஒவ்வொரு குருணையும் பளபளக்கிற அளவுக்கு எண்ணெய் விடுவாள். ஒரு கை சர்க்கரை தூவுவாள். கடைசியில் தகர டப்பாவைத் திறந்து மருந்துப் பொடியைச் சேர்த்து, கை விட்டுப் பிசறுவாள். வெள்ளைக் குருணை கொஞ்சம் கொஞ்சமாக நீலமாகும். மனுஷர் தெரியாமல் வாயில் போட்டுவிடக் கூடாதென்று கம்பெனிக்காரன் சேர்த்த சாயம் அது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் மிச்சமிருக்கும். கையுறை வாங்கித் தந்திருந்தார் எலிக்காரர். போட்டால் கட்டி எங்கே இருக்கிறது, எண்ணெய் எங்கே ஏறவில்லை என்று விரலுக்குத் தெரியாது. அது ஆணியில் தொங்கியபடியே நைந்துபோனது.

அந்த வாரம் முழுக்க விடாத மழை. பள்ளிக்கூட மதிலை ஒட்டியிருந்த தானியக் குடோனைச் சுற்றி வளைகளில் தண்ணீர் புகுந்து, எலிகளெல்லாம் குடும்பத்தோடு குடோனுக்குக் குடியேறிவிட்டன. முதலாளி ஆள்மேல் ஆள் அனுப்பினார். எப்போதும் வைப்பதைப்போல மூன்று பங்கு வை, உள்ளே மட்டும் போதாது, மதிலோரம் முழுக்கத் தூவு என்றார். குருணையம்மாவுக்கு முதுகு நிமிர்த்த நேரமில்லை. இருந்தாலும் கைபேசி ஒவ்வொரு முறை சிணுங்கும்போதும் முழங்கையால் தள்ளித் திரையைப் பார்த்துவிடுவாள்.

சிணுங்கியது மகளின் பள்ளிக்கூடக் குழு. சயின்ஸ் டீச்சர் தொடங்கி வைத்தது. பள்ளியைச் சுற்றி எந்த உயிரைக் கண்டாலும் படம் எடுத்துப் போட வேண்டும். எங்கே கண்டது, என்னவாக இருக்கும் என்று எழுத வேண்டும். மற்றவர்கள் சரியா தப்பா என்று சொல்ல வேண்டும். குழுவுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘யாரங்கே’. பள்ளி நேரத்தில் டீச்சரின் கைபேசியிலிருந்து படங்கள் வரும். மாலையில் பிள்ளைகள் அவரவர் வீட்டு எண்ணிலிருந்து வெளுத்து வாங்குவார்கள். மகளுக்கு அங்கே ‘கண்ணாடி’ என்று பட்டப்பெயர். தடித்த கண்ணாடி போட்ட அந்தக் கண்ணுக்கு எதுவும் தப்பாது. சாக்கடையோரம் பாம்பு பாம்பு என்று ஊரே தெறித்து ஓடியபோது, குனிந்து பார்த்து, “இது புழுப்பாம்பு, கடிக்க வாயே பத்தாது” என்றவள் அவள்தான். ஒரு பயல் தலைமையாசிரியர் நடந்துபோவதைப் பின்னாலிருந்து படமெடுத்து, ‘அரிய வகை, கடைசி மணிக்குப் பிறகு காணக் கிடைக்காது’ என்று போட்டுவிட்டு, அடுத்த நொடியே அழித்துவிட்டான். அதற்குள் குருணையம்மா பார்த்துவிட்டாள். பேசினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தாள்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கூகைகள். பள்ளி அரங்கத்தில் மேடைக்கு மேலிருந்த பரணில் ஒரு ஜோடி குடியேறி, மூன்று குஞ்சு பொரித்திருந்தது. ஆந்தை ஜாதிதான், ஆனால் இதய வடிவில் வெள்ளை முகம், மாவு பூசினாற்போல. அவை வந்ததிலிருந்து நாடக ஒத்திகை தாழ்வாரத்துக்கு மாறிவிட்டது. மேடையில் ஏறுகிறவர்கள் சத்தம் வராமலிருக்கச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். குஞ்சுகள் பசியில் சீறுகிற சத்தத்தை மகள் வீட்டில் செய்து காட்டுவாள். எலிக்காரர் சோற்றுத் தட்டோடு பயந்து நகர்வது போல நடிப்பார்.

“அப்பா, ஒரு கூகைக் குடும்பம் எவ்வளவு எலி திங்கும் தெரியுமா? உங்க வேலைய அது பாத்துக்கும்.”

“அப்ப எனக்குச் சோறு யாரு போடுவா, கூகையா?”

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

மழை விட்டு வெயில் அடித்த முதல் நாள். பேசினில் பாதிக் குருணை நீலமாகியிருந்தபோது கைபேசி சிணுங்கியது. முழங்கையால் தள்ளினாள். மேடைப் படியில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. யாரோ சால்வையைப் போட்டுவிட்டுப் போனது போல. உற்றுப் பார்த்த பிறகுதான் அது இறக்கை என்று தெரிந்தது. அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம். ‘தாய்க் கூகை. காலையில் இப்படிக் கிடந்தது’ என்று டீச்சர் எழுதியிருந்தார்.

குருணையம்மா ‘அய்யோ’ என்று வாய்விட்டுச் சொன்னாள். பூனை கடித்திருக்கும் என்று நினைத்தாள். சற்று நேரத்தில் இன்னொரு படம். தண்ணீர்க் குழாயடியில் ஆண் கூகை. அதற்கும் அலகில் ரத்தம். காயம் எதுவும் இல்லை. பிறகு குஞ்சுகள். எப்போதும் முட்டி மோதிக்கொண்டு நிற்கிறவை, அட்டைப்பெட்டியில் துணிப்பொம்மைபோலத் துவண்டு கிடந்தன.

அதன் பின்னே வந்ததுதான் அந்தப் படம். கூகை எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் உருட்டி வெளியே கக்கிவிடும். அந்த உருண்டைகளைப் பற்றி மகள் சோறு தின்கிற நேரத்தில் சொல்லி அடி வாங்கியிருக்கிறாள். அப்படியொரு உருண்டையை வெள்ளைக் காகிதத்தின் மேல் பிரித்து வைத்திருந்தார்கள். சாம்பல் முடி, ஊசி ஊசியாக எலும்பு, நடுவே நூல் நூலாக நீலம்.

‘இந்த நிறம் என்னவென்று யாருக்காவது தெரியுமா? டாக்டர் வந்திருக்கிறார். உடனே சொல்லுங்கள்.’

அவரவர் வீட்டிலிருந்த பெரியவர்கள் பதில் போட்டார்கள். சாக்பீஸ் தூள். பேனா மூடி. துணிக்குப் போடுகிற நீலமாக இருக்கலாம், பள்ளிக்குப் பக்கத்தில் சலவைக் கடை இருக்கிறது.

குருணையம்மா பேசினிலிருந்து கையை எடுத்தாள். கைபேசிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே நீலம். அச்சு மாறாத அதே நீலம். அடுப்பில் அடுத்த ஈடு குருணை தீய்ந்து புகைய ஆரம்பித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

எலிக்காரர் சாப்பாட்டுக்கு வந்தபோது அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“என்ன, வீடே கருகுது! மூக்கு அடைச்சுப் போச்சா?” அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

“ஏங்க, செத்த எலியெல்லாம் என்ன பண்றீங்க?”

“இது என்ன சாப்பாட்டு நேரத்துல கேள்வி? பொறுக்கிப் பொதைப்பேன்.”

“இந்த வாரம் பொதைச்சீங்களா?”

அவர் சொம்பில் தண்ணீர் மொண்டு கையைக் கழுவினார். “மழையில எங்க பொறுக்குறது? மொதலாளி நின்னு வெரட்டுறாரு. தின்ன எலி உடனேயா சாவுது? நாலஞ்சு நாள் தள்ளாடிக்கிட்டுத் திரியுது. எங்கேயாவது போய் விழுந்து கெடக்கும்.”

“விழுந்து கெடக்கல. தூக்கிட்டுப் போயிருக்கு.”

படத்தைக் காட்டினாள். எலிக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தாய்க் கூகை, ஆண் கூகை, குஞ்சுகள், உருண்டை. மறுபடியும் முதலிலிருந்து. சட்டை நுனியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கை காய்ந்த பிறகும்.

“நாம மட்டுமா மருந்து வைக்கிறோம்? ஊருக்குள்ள எத்தன பேரு…”

“மதிலுக்கு அந்தப் பக்கம் யாருங்க வைக்கிறா?”

அவள் கைபேசியை மடியில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினாள். நீல விரல் பட்ட இடமெல்லாம் திரை மங்கியது. ‘அது எலி மருந்து.’ அனுப்பிவிட்டாள்.

“என்ன போட்ட? குடு இங்க!” பிடுங்கிப் பார்த்தவருக்கு முகம் வெளுத்தது. “அறிவிருக்கா உனக்கு? இது பாப்பா நம்பருடீ! எல்லாரும் அவதான் சொன்னான்னு நெனப்பாங்க. அழி, அழி.”

“பாத்துட்டாங்க.”

பார்த்துத்தான் விட்டார்கள். ‘கண்ணாடி கண்டுபிடிச்சிட்டா’ என்று ஒருவர். கை தட்டுகிற படம் ஒன்று. அதற்கு மேல் படிப்பதற்குள் அழைப்பு வந்தது. சயின்ஸ் டீச்சர்.

“கண்ணாடி அம்மாங்களா? பிள்ள இங்க என் பக்கத்துலதான் நிக்கிறா, எதுவும் தெரியாதுங்கறா. நீங்க போட்டதா? எந்த மருந்துன்னு தெரியுமா? பேரு தெரிஞ்சா காப்பாத்த வழியிருக்குங்கறாரு டாக்டர்.”

“டப்பாவையே கொண்டாரேன் டீச்சர்.”

எலிக்காரர் வாசலில் வந்து நின்றார். மறித்துக்கொண்டு நிற்கவில்லை, ஆனால் நகரவுமில்லை. “அந்த டப்பாவோட நீ தெருவுல எறங்கினா, குடோன் வேலை அதோட சரி. வேற எவனும் கூப்பிட மாட்டான். யோசிச்சுக்கோ.”

“யோசிச்சா போக மாட்டேங்க. அதான் யோசிக்கல.”

ஒதுங்கினார்.

சேறு காயாத தெருவில் செருப்பு ஒட்டி ஒட்டி இழுத்தது. டப்பாவைப் பையில் போட மறந்து, இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். பள்ளி அரங்கத்தில் கால் வைத்தபோது அத்தனை பிள்ளைகள் இருந்தும் சத்தமில்லை. மேடையில் மேசை போட்டு, அதைச் சுற்றி டீச்சரும் டாக்டரும் நின்றார்கள். ஊரில் மாட்டு டாக்டர் என்று கூப்பிடப்படுகிற ஒல்லியான மனுஷன். அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு மகள். அம்மாவைப் பார்த்தாள், அம்மா இடுப்பிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். வீட்டுச் சாய்ப்பில் தினமும் பார்க்கிற டப்பா. கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் பெரிதாகிக்கொண்டே போயின.

“இதுதான் சார். நான் கலந்தது. எங்க வீட்டுக்காரரு மதிலோரம் வெச்சது.”

பின்வரிசையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். ஒரு பெண் பிள்ளை மகளிடம், “இது உங்க அம்மாவா?” என்று கேட்டது. மகள் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

டாக்டர் டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தார். “ரத்தம் உறையாமப் பண்ற ஜாதி. சந்தேகப்பட்டேன். பேரு தெரியாம ஊசி போட பயமா இருந்தது. இதுக்கு மாத்து மருந்து இருக்கு.” பையைத் திறந்தார். “யாராவது குஞ்ச அசையாமப் பிடிக்கணும். டீச்சர், உங்க கை நடுங்குது.”

“நான் பிடிக்கிறேன்,” என்றாள் குருணையம்மா.

உயிரோடு எலியைப் பிடித்துப் பழகிய கை. முதல் குஞ்சைத் துணியோடு சேர்த்து அணைத்துப் பிடித்தாள். பஞ்சுக்குள் எலும்பு மட்டும் இருப்பது போலிருந்தது. இத்தனை துவண்டதற்கா இவ்வளவு சூடு என்று அவளுக்கு ஆச்சரியம். ஊசி ஏறியதும் அது உயிர் வந்ததுபோலக் காலை உதறியது. நகம் அவள் கட்டைவிரலின் அடியில் ஏறி இறங்கியது. சுருக்கென்றது. விடாமல் பிடித்திருந்தாள். இரண்டாவது குஞ்சுக்கும் போட்டாயிற்று. மூன்றாவதைத் துணியிலிருந்து எடுத்தபோது கழுத்து பின்னால் சரிந்தது. டாக்டர் காது வைத்துக் கேட்டுவிட்டு, துணியால் மூடினார். அரங்கத்தில் அழுகை ஒரு மூலையில் கிளம்பி எல்லா மூலைக்கும் போனது.

மகள் அழவில்லை. அவள் மேடையின் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், எங்க அம்மா கை.”

குருணையம்மா குனிந்து பார்த்தாள். கட்டைவிரலிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. காலடியில் சின்னக் குட்டைபோலத் தேங்கியிருந்தது. “நகம் பட்டிருச்சு, ஒண்ணுமில்ல,” என்று முந்தானையால் பொத்தினாள். டாக்டர் பஞ்சை வைத்து அழுத்தினார். பஞ்சு சிவந்தது. வேறு பஞ்சு. அதுவும் சிவந்தது. அவர் பஞ்சை வைப்பதை நிறுத்திவிட்டு, விரலைத் திருப்பி நகக்கண்ணைப் பார்த்தார்.

“கையுறை போட்டுத்தானே கலப்பீங்க?”

“போட்டா பதம் தெரியாது சார்.”

“பல்லு வெளக்கும்போது ஈறுல ரத்தம் வருமா?”

வரும். கொஞ்ச நாளாகவே வருகிறது. பிரஷ் கெட்டுப்போச்சு என்று புதுசு வாங்கியிருந்தாள். பேசின் விளிம்பு இடித்ததற்கெல்லாம் தொடையில் கத்திரிக்காய் நிறத்தில் கன்றிப்போய், வாரக்கணக்கில் மறையாமல் கிடந்தது. வயசாகுது என்று நினைத்துக்கொண்டாள். இதையெல்லாம் பிள்ளைகளுக்கு நடுவே எப்படிச் சொல்வது என்று தெரியாமல், தலையை மட்டும் ஆட்டினாள்.

“எவ்வளவு காலமா இந்த வேல?”

“இவ பொறந்ததுலேருந்து.”

டாக்டர் குரல் மாறிவிட்டது. “டீச்சர், யார்கிட்ட வண்டி இருக்கு? இவங்கள இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். நான் மாட்டு டாக்டர், மனுஷங்களுக்கு ஊசி போட முடியாது. இந்த டப்பாவையும் எடுத்துட்டுப் போங்க. குஞ்சுக்கு வந்ததுதான் இவங்களுக்கும்.”

மகளின் கையிலிருந்த பெட்டியை யாரோ வாங்கிக்கொண்டார்கள். இல்லையென்றால் விழுந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த இடமும் நிற்காமல் கசிந்தது. நர்ஸ் மேலே கட்டு, அதன் மேலே கட்டு என்று சுற்றினாள். சோதனைத் தாளைப் பார்த்த பெரிய டாக்டர் இரண்டு முறை பெயரைச் சரிபார்த்தார். நடந்து வந்த ஆளா என்று கேட்டார். கீழே விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் ஆள் தப்பியிருக்க முடியாது என்றார். பிறகு பாட்டில் ஏறியது.

“கூகைக்குப் போட்ட ஊசிங்களா?” என்று கேட்டாள் குருணையம்மா. வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“மருந்து ஒண்ணுதாம்மா, அளவு வேற,” என்றாள் நர்ஸ். “அதென்ன கூகை?”

மகள் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். வண்டியில் வரும்போதும் பேசவில்லை, இப்போதும் பேசவில்லை. அம்மாவின் கட்டையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தாள்.

எலிக்காரர் வந்து சேர்ந்தபோது முழங்கால்வரை சேறு. டீச்சர் தகவல் சொல்லியனுப்பியபோது அவர் வீட்டில் இல்லை. மனைவி டப்பாவோடு போனதும், சாக்கை எடுத்துக்கொண்டு மதிலோரம் போயிருக்கிறார், வைத்ததையெல்லாம் திரும்ப எடுக்க. தூவிய குருணை பாதிக்கு மேல் சேற்றில் கரைந்துவிட்டிருந்தது. அகப்பட்டதை அள்ளினார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“பொறுக்கப் பொறுக்க வந்துகிட்டே இருக்குடீ. எலி மட்டும்னா பரவால்ல. கீரி ரெண்டு கெடக்கு. அந்தக் கடைக்காரரு வீட்டுப் பூனை, அது கெடக்கு. காக்கா. மதிலுக்கு அந்தாண்ட ஒரு நாய்க்குட்டி… வாயெல்லாம் ரத்தம். நான் ஒரு சோத்துக்குத்தானே வெச்சேன்? எலிக்குத்தானே வெச்சேன்?”

“மொதலாளி என்ன சொன்னாரு?”

“நான் அள்ளுறதப் பாத்துட்டுக் கத்துனாரு. இனிமே இந்தப் பக்கம் வராதேன்னாரு. நான் விடணும்னு நெனச்சுட்டு இருந்தேன், அதுக்குள்ள அவரே சொல்லிட்டாரு.” அப்போதுதான் நிமிர்ந்து அவள் கையைப் பார்த்தார். கட்டின் மேலும் சிவப்பு பூத்திருந்தது. அவர் வாய் கோணிக்கொண்டு போனது. “கையுறை வாங்கிக் குடுத்தேனேடீ. குடுத்தேனா இல்லையா?”

“குடுத்தீங்க.”

“மாட்டுன்னு ஒரு நாள் சொன்னேனா நான்? பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்.”

பெரிய டாக்டர் உள்ளே வந்தார். இந்த மருந்தை வீட்டில் வேறு யாரெல்லாம் தொடுகிறார்கள் என்று கேட்டார். எலிக்காரர் சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார். நர்ஸ் ஊசியை எடுத்துக்கொண்டு திரும்பும்போது, கால்மாட்டிலிருந்து மகள் நகர்ந்து வந்தாள். சீருடைக் கையை மேலே ஏற்றினாள்.

“எனக்கும் எடுங்க. லீவு நாள்ல பொட்டலம் நான்தான் மடிப்பேன்.”

குருணையம்மாவுக்கு அதுவரை நடந்ததெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம் என்றாகிவிட்டது. சாய்ப்பில் தானும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து, குழுவில் வந்த படங்களைப் பற்றிப் பேசிச் சிரித்தபடி காகிதத்தில் நீலக் குருணையை அள்ளி வைத்து மடித்த ஞாயிற்றுக்கிழமைகள் வரிசையாக வந்தன. கைகழுவச் சொன்னோமா? சொன்னோம். எல்லா நாளும் சொன்னோமா? ஒரு நாள், பொட்டலத்துக்கு நடுவே காய்ந்த ரொட்டித் துண்டை மகள் எடுத்துக் கடித்ததும் ஞாபகம் வந்தது. “தட்டுல வெச்சுத் தின்னுடீ” என்று மட்டும்தான் அன்றைக்குச் சொல்லியிருந்தாள். நர்ஸ் மகளின் கையில் ஊசியை ஏற்றினாள். எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து மடக்கச் சொன்னாள். குருணையம்மா கழுத்தைத் தூக்கி அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது சிவக்கிறதா என்று. எலிக்காரரும் தன் கையை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மகளும்.

நர்ஸ் பஞ்சை எடுத்தபோது ஒரு சின்னப் புள்ளி மட்டும் இருந்தது.

“நின்னுருச்சு,” என்றாள் மகள். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அம்மா அப்பாவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

தாள்கள் வரப் பொழுது சாய்ந்துவிட்டது. எலிக்காரருக்கு ரத்தம் உறையும் நேரம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, மாத்திரை போதும் என்றார்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, சுத்தம். குருணையம்மா மட்டும் படுக்கையில் இருக்க வேண்டும். அதன் பிறகும் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும், இந்த மருந்து உடம்பை விட்டு லேசில் போகாது என்றார் பெரிய டாக்டர். அவர் போன பிறகுதான் அவள் அழுதாள். காலையிலிருந்து அடைத்து வைத்திருந்தது, தோள் குலுங்கக் குலுங்க வந்தது.

“அழாதம்மா,” என்றாள் மகள். “மூக்குல ரத்தம் வந்துரும்.”

சொன்ன விதம் வைதது போலவும் இருந்தது, பயந்தது போலவும் இருந்தது. குருணையம்மா மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எலிக்காரர் தேநீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

மகள் அம்மாவின் பையிலிருந்து கைபேசியை எடுத்தாள். திரையில் படிந்திருந்த நீல ரேகைகளை உடனே துடைக்கவில்லை. பார்த்தாள். பிறகு குழாயடிக்குப் போய் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்து, தன் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். குழுவில் ஏகப்பட்டது குவிந்திருந்தது. சிலர் அவள் அம்மாவைத் திட்டியிருந்தார்கள். சிலர் திட்டியவர்களைத் திட்டியிருந்தார்கள். ‘கண்ணாடி, அம்மா எப்படி இருக்காங்க?’ என்று டீச்சர் கேட்டிருந்தார். மகள் வெகுநேரம் யோசித்து, ‘ரத்தம் நின்னுருச்சு’ என்று எழுதினாள்.

“குஞ்சுங்க?” என்றாள் அம்மா.

“ஒண்ணு எழுந்து நிக்குதாம். கறித்துண்டு தின்னுச்சாம்.”

“இன்னொண்ணு?”

மகள் கட்டிலில் ஏறி, ஊசி இல்லாத பக்கமாக ஒண்டிப் படுத்தாள். கண்ணாடியைக் கழற்றி அம்மாவின் வயிற்றின் மேல் வைத்தாள்.

“அது செத்துப்போச்சும்மா. நீ வீட்டுலேருந்து கெளம்புறதுக்கு முன்னாடியே அதுக்கு மூக்குல ரத்தம் வந்துருச்சாம். ஊசி போட்டும் நிக்கல.”

மகளின் விரல்கள் கட்டுக்குக் கீழே நகர்ந்து, மணிக்கட்டில் நாடியைத் தேடிப் பிடித்தன. பிடித்தபடியே இருந்தன.